வாங்கி வைத்துக்கொள்ளத் தகுந்த இசைப்பதிவை உருவாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேட்பதற்காக மட்டும் இன்று யாரும் ஓர் இசைப்பதிவை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாதச் சந்தாவிலோ விளம்பரங்களுக்கு நடுவிலோ கோடிக்கணக்கான பாடல்கள் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. பதிவு செய்யப்பட்ட இசை உலக அளவில் ஈட்டும் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங்கிலிருந்தே கிடைக்கிறது. ஆனாலும் 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற வினைல் இசைத்தட்டுகளின் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியது. 1987க்குப் பிறகு முதன்முறையாக அவை எண்ணிக்கையில் சி.டி.க்களை முந்தின. அந்தத் தட்டுகளில் உள்ள பாடல்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரீமிங்கிலும் கிடைப்பவைதான். வாங்கியவர்கள் அதை அறியாதவர்கள் அல்லர்.

ஆகவே வாங்குபவர் பணம் கொடுப்பது கேட்கும் வசதிக்கு அல்ல, தம்மிடம் வைத்துக்கொள்வதற்கு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. வைத்துக்கொள்ளத் தகுந்த தன்மையைப் பெரும்பாலோர் கடைசிக் கட்டத்தில், உறையிலும் அட்டைப்படத்திலும் சேர்க்கப் பார்க்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி மைக்கை அமைப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது. பின்னால் வரும் படிகளில் எவ்வளவு செலவழித்தாலும் முன்னால் விட்ட குறையை அங்கே ஈடுகட்ட முடியாது.

முதல் படி: எதை விற்கிறீர்கள் என்று எழுதுங்கள்

2003 ஏப்ரலில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை ஒரு பாடலை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியபோது அது விற்ற சரக்கு வசதி. முழுத் தொகுப்பையும் வாங்காமல், கடைக்கும் போகாமல், வேண்டிய பாடலை மட்டும் உடனே பெறலாம் என்பதே அதன் கவர்ச்சி. அந்த வசதியை ஸ்ட்ரீமிங் இன்னும் குறைந்த செலவில் கொடுத்துவிட்டதால், வசதியை முன்னிறுத்தி இனி எதையும் விற்க முடியாது. மிஞ்சியிருப்பவை வேறு சில: ஸ்ட்ரீமில் கிடைப்பதைவிட நல்ல ஒலி, தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரு முழுமை, இசையைப் பற்றிய நம்பகமான தகவல், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள், உரிமம் காலாவதியானாலும் காணாமல் போகாத கோப்பு.

இவற்றில் எந்த இரண்டை அல்லது மூன்றை உங்கள் பதிவு உண்மையாகவே தரும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். “இதை ஏற்கெனவே இலவசமாகக் கேட்டுவிட்ட ஒருவர் ஏன் வாங்க வேண்டும்?” என்பதற்கு அந்த வாக்கியம் பதிலாக இருக்க வேண்டும். “கலைஞரை ஆதரிப்பதற்காக” என்பது பதிலாகாது. அந்தக் காரணத்துக்காக நண்பர்கள் முதல் முறை வாங்குவார்கள். இரண்டாவது தொகுப்புக்கு வரமாட்டார்கள்.

சிறிய அளவில் இயங்குபவர்கள் இந்தக் கணக்கைத் தள்ளிப்போடக் கூடாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை, கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பதிவின் உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை. அந்த வரம்புக்கு அருகில் நிற்கும் ஒரு கலைஞருக்கு, முழு விலை கொடுத்து வாங்கும் 200 பேர் எந்த ஸ்ட்ரீமிங் பாடல் பட்டியலில் இடம்பெறுவதைவிடவும் மதிப்புள்ளவர்கள்.

இரண்டாம் படி: சேர்ப்பதைவிட நீக்குவது

சி.டி. 1982இல் விற்பனைக்கு வந்தபோது அதில் 74 நிமிடம் கொள்ளும் என்பதே பெருமையாகப் பேசப்பட்டது. அதன் விளைவாக, இடம் இருக்கிறது என்பதற்காகவே நிரப்பப்பட்ட தொகுப்புகள் ஏராளமாக வெளிவந்தன. அதற்கு முன்பு எல்.பி. எனப்படும் வினைல் தட்டில் பக்கத்துக்கு 20 நிமிடம் என்ற நெருக்கடி இருந்தது. அந்த நெருக்கடி பலருக்கு நன்மையே செய்தது. டிஜிட்டல் கோப்புக்கு எந்த வரம்பும் இல்லாததால் வரம்பை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும். 35 முதல் 45 நிமிடம் என்பது ஒருவர் ஒரே அமர்வில் முழுதாகக் கேட்டு முடிக்கக்கூடிய அளவு. முழுதாகக் கேட்கப்படாத தொகுப்பை யாரும் முழுமையாக நினைவில் வைப்பதில்லை.

உருப்படிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, “இது நல்ல பாடலா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “இந்தத் தொகுப்பில் இது இல்லாவிட்டால் என்ன குறையும்?” என்றும் கேளுங்கள். ஒரே இசையமைப்பாளரின் படைப்புகள், ஒரே கருவியின் வெவ்வேறு முகங்கள், ஒரே இரவில் ஒரே அறையில் வாசித்தவை என ஏதேனும் ஒரு நூல் அனைத்தையும் கோத்திருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் எளிதாகக் கிடைக்கும். அப்படி ஒரு நூல் இல்லையென்றால் தனிப்பாடல்களாக ஸ்ட்ரீமிங்கில் வெளியிட்டுவிடுவது நேர்மையானது. அவற்றைக் கட்டி ஒரு தொகுப்பு என்று விற்பது வாங்குபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ஒலிப்பதிவு

கருவிகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல அறைக்கு ஒதுக்குங்கள். மைக், அதைக் கணினியோடு இணைக்கும் இடைமுகக் கருவி, மென்பொருள் ஆகிய மூன்றும் நடுத்தர விலையிலேயே போதுமான தரத்துக்கு வந்துவிட்டன. அறை அப்படி அல்ல. எதிரொலிக்கும் வெற்றுச் சுவர்கள், குளிர்சாதனத்தின் முனகல், சாலை இரைச்சல் ஆகியவை பதிவில் ஏறிவிட்டால் அவற்றை நீக்கும் மென்பொருள் இசையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும்.

அறைக்கு அடுத்தது மைக்கின் இடம். ஒலிக் கித்தாரை எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பதிவு செய்பவர்கள் சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்று எண்ணி மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைப்பார்கள். கேட்டுப் பார்த்தால் தாழ்ந்த சுரங்கள் பொதபொதவென்று வீங்கி, தந்தியைத் தொடும் விரலின் துல்லியம் அதில் மூழ்கிப் போயிருக்கும். அதே மைக்கை, அதே தூரத்தில், கழுத்துப் பகுதியில் 12ஆவது ஃபிரெட்டை (குறுக்குக் கம்பியை) நோக்கி நகர்த்தினால் வீக்கம் வடிந்து தந்தியின் தெளிவு மேலே வரும். ஒன்றிரண்டு சாண் நகர்த்தியதற்குக் கிடைக்கும் இந்த மாற்றத்தை, தவறான இடத்தில் வைத்துப் பதிந்துவிட்டு ஈக்வலைசரால் பெற முயன்றால் பாதிதான் கிடைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஹெட்ஃபோனில் கேட்டபடி மைக்கை மெல்ல நகர்த்தி அதைத் தேடுவதே சிறந்த வழி. முதல் நாளின் முற்பகலை இதற்கே கொடுத்துவிடலாம்.

24 பிட் ஆழத்தில் பதிவு செய்யுங்கள். 16 பிட்டில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே, கோட்பாட்டளவில் சுமார் 96 டெசிபெல் வீச்சு கிடைக்கிறது. 24 பிட்டில் அது சுமார் 144 டெசிபெல். கேட்பவருக்கு அந்த முழு வீச்சும் தேவைப்படாது. ஆனால் பதிவு செய்யும்போது உச்ச அளவை, பதிவு தாங்கும் எல்லைக்குக் கீழே, மைனஸ் 10 அல்லது மைனஸ் 12 டெசிபெலில் நிறுத்தி, எதிர்பாராத உரத்த இடத்துக்கும் இடம் விட்டுவைக்க அது உதவுகிறது. மாதிரி வேகத்தை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்பதை), 48 கிலோஹெர்ட்ஸோ 96 கிலோஹெர்ட்ஸோ, முதலிலேயே தீர்மானித்து இறுதிவரை மாற்றாமல் இருங்கள். யாரும் வாசிக்காத நிலையில் அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துவைப்பதும் நல்லது. வெட்டி ஒட்டும் இடங்களில் திடீரென்று முழு நிசப்தம் வந்து கேட்பவரை உறுத்தாமல் இருக்க அது பயன்படும்.

எந்தப் பிழையைத் திருத்துவது, எதை விட்டுவைப்பது என்பதில்தான் விற்கக்கூடிய பதிவுக்கும் மற்றதற்கும் வேறுபாடு வருகிறது. ஸ்ட்ரீமிங்கில் ஒருமுறை கடந்து போகும் பாடலில் எந்தச் சிறு பிழையும் பொருட்டல்ல. வாங்கியவரோ நூறு முறை கேட்பார். கேட்கக் கேட்கப் பெரிதாகும் பிழைகள் உண்டு: நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் சுருதி விலகுவது, முக்கியமான சொல் விழுங்கப்படுவது, தாளம் தடுமாறிச் சேர்வது. இவற்றுக்காக மறுபடியும் பாட வேண்டும். கேட்கக் கேட்கப் பழகிப்போவதும் சில நேரம் பிடித்தே போவதும் உண்டு: மூச்சிழுக்கும் ஒலி, இருக்கையின் சிறு கிரீச்சொலி, உற்சாகத்தில் சற்றே விரைந்துவிடும் நடை. இவற்றைத் துடைத்து எடுத்தால் பதிவு சுத்தமாகும். ஆனால் அங்கே ஒரு மனிதர் இருந்து வாசித்தார் என்ற உணர்வும் உடன் போய்விடும். சுருதி திருத்தும் மென்பொருளை ஒரு சுரத்துக்கு, ஒரு சொல்லுக்குப் பயன்படுத்துங்கள். முழுக் குரலையும் அதற்குள் செலுத்துவது, அந்த விளைவையே நாடினாலன்றி, எனக்கு ஏற்புடையதல்ல.

இசைஞர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க வழி இருந்தால் அப்படியே பதிவு செய்யுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிந்து சேர்க்கும்போது திருத்துவது எளிது. ஆனால் ஒருவர் மெல்ல இறங்கும்போது மற்றவரும் இறங்கும் அந்த இசைவை அங்கே எதிர்பார்க்க முடியாது.

நான்காம் படி: மாஸ்டரிங்கில் சத்தப் போட்டியிலிருந்து விலகுங்கள்

மாஸ்டரிங் என்பது கலந்து முடித்த பதிவை வெளியீட்டுக்கு ஏற்ப இறுதியாகச் சீரமைப்பது. அடுத்த பாடலைவிட நமது பாடல் உரக்கக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கி ஏற்றும் வழக்கம் சி.டி. காலத்தில் முற்றியது. இப்போது அந்த வழக்கத்துக்குத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை. ஸ்ட்ரீமிங் சேவைகள் ஒலியளவைத் தாமாகவே சமப்படுத்துகின்றன. காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில் ஸ்பாட்டிஃபையின் இயல்பு அளவு மைனஸ் 14. நீங்கள் மைனஸ் 8இல் மாஸ்டர் செய்து அனுப்பினால் அது 6 டெசிபெல் குறைக்கப்பட்டு, பக்கத்துப் பாடலின் அளவுக்கே வந்துவிடும். அமுக்கியதால் ஏற்பட்ட தட்டைத்தன்மை மட்டும் அப்படியே இருக்கும்.

விற்பனைக்கான மாஸ்டரை இன்னும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர் அதைக் கவனத்தோடு கேட்பவர். தேவையானால் ஒலியளவைத் தாமே கூட்டிக்கொள்வார். மெல்லிய தொடக்கம் மெல்லியதாகவே இருக்கட்டும், தாளவாத்தியத்தின் முதல் அடி அடியாகவே விழட்டும். உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், பின்னர் எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாற்றும்போது ஒலி உடையும் வாய்ப்பு குறையும்.

மிக்ஸ் செய்தவரே, அதாவது தனித்தனித் தடங்களைக் கலந்து ஒன்றாக்கியவரே, மாஸ்டரிங்கும் செய்யாமல் இருப்பது நல்லது. வாரக்கணக்கில் அதே பாடலைக் கேட்ட காது, தாழ்ந்த சுரங்கள் மிகுந்திருப்பதையும் குரல் பின்னால் போயிருப்பதையும் கவனிக்காது. வேறொருவரை அமர்த்த வசதியில்லையென்றால், சில வாரங்கள் அந்தப் பதிவைத் தொடாமல் இருந்துவிட்டு, வேறு ஒலிபெருக்கியில், தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேளுங்கள். ஒவ்வொரு பாடலையும் தனித்தனியாகத் திறந்து கேட்பது இதற்கு ஈடாகாது. பாடலுக்குப் பாடல் ஒலியளவும் குரலின் நிறமும் தாவுவது, தொடர்ந்து கேட்டால்தான் புலப்படும்.

பாடல்களின் வரிசையும் இடைவெளியும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டும். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே இரண்டு நொடியாக இருக்கத் தேவையில்லை. கனமான உருப்படிக்குப் பிறகு ஐந்து நொடி விடலாம், ஒரே சுருதியில் தொடரும் இரண்டை ஒட்டியே வைக்கலாம். ஒட்டி வைக்கும்போது ஒரு நுட்பச் சிக்கல் உண்டு: எம்பி3 வடிவம் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் மிகச் சிறிய வெற்றொலியைச் சேர்க்கும் இயல்புடையது. அதைச் சில இயக்கிகள் (பிளேயர்கள்) கண்டறிந்து நீக்கிவிடும். சில நீக்காமல் பாடலுக்கு நடுவே ஒரு விக்கலை உண்டாக்கும். ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை. நேரடி நிகழ்ச்சியின் பதிவைக் கோப்பாக விற்க ஃபிளாக்கைப் பரிந்துரைக்க இதுவே போதுமான காரணம்.

ஐந்தாம் படி: கோப்பும் ஒரு விற்பனைப் பொருள்தான்

2007 அக்டோபரில் ரேடியோஹெட் குழு, விலையை வாங்குபவரே தீர்மானிக்கலாம் என்று தனது தொகுப்பை இணையத்தில் வெளியிட்டது பலருக்கும் நினைவிருக்கும். அதில் கிடைத்த கோப்புகள் நொடிக்கு 160 கிலோபிட் எம்பி3 என்பதையும், அந்தத் தரம் போதாது என்று ரசிகர்கள் குறைசொன்னதையும் நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அன்று இணைய வேகம் ஒரு சாக்காக இருந்தது. இன்று அந்தச் சாக்கும் இல்லை. சி.டி. தரத்திலான ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். ஃபிளாக் அதை எந்த இழப்பும் இல்லாமல் பெரும்பாலும் பாதி அல்லது சற்று மேல் அளவுக்குச் சுருக்கிவிடும். ஃபிளாக், வேவ் ஆகிய இழப்பற்ற வடிவங்களோடு, கைபேசியில் வைத்துக்கொள்ள 320 கிலோபிட் எம்பி3யும் கொடுங்கள். கலைஞர்கள் நேரடியாக விற்க உதவும் பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் நீங்கள் இழப்பற்ற கோப்பை ஏற்றினால் போதும், மற்ற வடிவங்களை அதுவே ஆக்கிக் கொடுக்கும்.

44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 96க்கு மாற்றி, உயர் தெளிவு என்று கூடுதல் விலைக்கு விற்காதீர்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. வாங்கியவர் இலவச மென்பொருள் ஒன்றில் அந்தக் கோப்பின் அலைமாலையை, அதாவது எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று காட்டும் படத்தை, திறந்தால், அந்த எல்லைக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறும் கறுப்பு தெரியும். அப்படித் திறந்து பார்க்கும் வழக்கமுள்ளவர்களே பதிவுகளை வாங்குபவர்களில் கணிசமானவர்கள்.

டேக் எனப்படும் உள்தகவலில் காட்டப்படும் அலட்சியம் வியப்பளிக்கிறது. தொகுப்பின் ஒவ்வொரு பாடலிலும் வெவ்வேறு விருந்தினர் பாடியிருந்து, “தொகுப்பின் கலைஞர்” என்ற புலத்தை நீங்கள் நிரப்பாமல் விட்டால், வாங்கியவரின் கணினியில் அந்த ஒரு தொகுப்பு ஏழெட்டுத் தொகுப்புகளாகச் சிதறிக் கிடக்கும். பாடல் எண், தலைப்பு, தொகுப்பின் பெயர், தொகுப்பின் கலைஞர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், ஆண்டு ஆகிய அனைத்தையும் ஒரே எழுத்துக்கூட்டலில் நிரப்புங்கள். கோப்பின் பெயர் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கட்டும்; ஒற்றை இலக்கத்தில் தொடங்கினால் சில இயக்கிகளில் 10ஆவது பாடல் முதல் பாடலுக்கு அடுத்ததாக வந்து நிற்கும். அட்டைப்படத்தை ஒவ்வொரு கோப்பிலும் பதித்து, பெரிய அளவில் தனியாகவும் வையுங்கள்.

ஆறாம் படி: கையேடு

ஸ்ட்ரீமிங் சேவைகள் இன்றுவரை சரியாகச் செய்யாத ஒன்று, இசையைப் பற்றிச் சொல்வது. யார் எதை வாசித்தார், எப்போது, எந்த அறையில் என்ற எளிய கேள்விகளுக்கே பல பாடல்களில் அங்கே பதில் இருப்பதில்லை. வாங்கும் பதிவு தன் மதிப்பை மிகக் குறைந்த செலவில் உயர்த்திக்கொள்ளக்கூடிய இடம் இதுவே.

1948இல் மோசஸ் ஆஷ் நியூயார்க்கில் தொடங்கிய ஃபோக்வேஸ் நிறுவனம் இதற்கு நல்ல முன்னுதாரணம். உலகின் பல பகுதிகளின் நாட்டார் இசை, பேச்சு, இயற்கை ஒலிகள் என 2,000க்கும் மேற்பட்ட தொகுப்புகளை வெளியிட்ட அந்நிறுவனம், இசைத்தட்டின் உறைக்குள் பாடல் வரிகளும் பின்னணிக் குறிப்புகளும் அடங்கிய கையேட்டை வைத்து அனுப்புவதை வழக்கமாகக் கொண்டிருந்தது. விற்பனை மிகக் குறைவான தட்டுக்குக்கூட அந்தக் கையேடு உண்டு. ஆசிரியர்களும் நூலகங்களும் அவற்றைத் தேடி வாங்கியதில் அந்தக் குறிப்புகளுக்குப் பெரிய பங்கு இருந்தது.

உங்கள் கையேட்டில் இடம்பெற வேண்டியவை: பாடல் வரிகள் முழுமையாக, வேறு மொழியில் இருந்தால் பொருளும், ஒவ்வொரு உருப்படியிலும் யார் என்ன வாசித்தார் என்ற விவரம், பதிவு செய்த தேதி, இடம், ஒலிப்பதிவாளர், மிக்ஸ் செய்தவர், மாஸ்டர் செய்தவர் ஆகியோரின் பெயர்கள். இவற்றுக்கு மேல், ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தியில் புகழுரை வேண்டாம். இந்த மெட்டு முதலில் வேறு நடையில் இருந்தது, மூன்றாவது சரணத்தில் ஒரு கருவி விலகிக்கொள்வதைக் கவனியுங்கள், இந்தக் கருவியின் ஒரு தந்தியைத் தாழ்த்திச் சுருதி சேர்த்திருக்கிறோம் என்பதுபோன்ற, காதை ஓர் இடத்துக்குத் திருப்பும் செய்திகள் வேண்டும். அதைப் படித்தவர் அந்தப் பாடலுக்குத் திரும்பிச் செல்வார். பயிலும் வாசகர்கள் இருப்பார்கள் என்று தோன்றினால் சுரக்குறிப்பைச் சேர்க்கலாம். அதற்காகவே வாங்குபவர்கள் உண்டு.

கோப்பாக வாங்குபவருக்கும் இதே கையேடு பி.டி.எஃப். வடிவில் கிடைக்க வேண்டும். அச்சுப் பிரதிக்கென்று சிறிய எழுத்தில் வடிவமைத்ததை அப்படியே கொடுக்காமல், திரையில் படிக்கும் அளவுக்கு மாற்றிக் கொடுங்கள்.

ஏழாம் படி: கையில் எடுக்கும் வடிவம்

சி.டி. இன்னும் பயனுள்ள வடிவம்: ஒலி இழப்பற்றது, அஞ்சலில் எளிதாகச் செல்லும், சிறிய எண்ணிக்கையிலும் கட்டுப்படியாகும். அச்சு வார்ப்பில் அழுத்தித் தயாரிப்பதும், வெற்று சி.டி.-ஆரில் எரித்துத் தருவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எரித்த தட்டின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்கக்கூடியது. சில பத்துப் பிரதிகள்தான் வேண்டும் என்றால் எரித்துக் கொடுக்கலாம். அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

வினைலுக்குத் தனி மாஸ்டர் தேவை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உட்புற முடிவுக்கு வரும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே ஒலியலையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால், உள்பகுதியில் உயர்ந்த சுரங்களும் “ஸ”, “ஷ” ஒலிகளும் கரகரக்கும். ஆகவே பக்கத்தின் கடைசியில் உரத்த, பளீரென்ற உருப்படியை வைக்காமல் அமைதியானதை வையுங்கள். ஒரு பக்கம் 20 நிமிடத்தைத் தாண்டத் தாண்ட, பள்ளங்களை நெருக்க வேண்டியிருப்பதால் ஒலியளவு குறைந்து அடியிரைச்சல் மேலே தெரியும். தாழ்ந்த சுரங்களை இடது, வலது என்று பிரிக்காமல் நடுவில் வைக்க வேண்டும். இல்லையெனில் ஊசி பள்ளத்தை விட்டுத் தாவலாம்.

தயாரிப்பாளர் அனுப்பும் சோதனைத் தட்டுகளை அவசரமாகக் கேட்டுவிட்டு ஒப்புதல் தருவதே வினைலில் அதிகம் நடக்கும் தவறு. முதலில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைக் கேளுங்கள். பிறகு நீண்ட சுரம் பிடிக்கும் ஓர் இடத்தில் சுருதி மெல்ல ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படி ஊசலாடினால் நடுத்துளை மையம் விலகியிருக்கலாம். படபடவென்று ஒரு வெடிப்பொலி கேட்டால், அதே இடத்தை மற்றொரு சோதனைத் தட்டில் கேளுங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் அது தூசியோ கீறலோ. எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருந்தால் வார்ப்பிலேயே குறை இருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டும். விலையுயர்ந்த இயக்கியில் மட்டுமல்லாமல் சாதாரண இயக்கியிலும் ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் வாங்குபவர்களில் பலர் அதில்தான் கேட்கப் போகிறார்கள்.

அட்டைப்படத்துக்கும் ஓர் எச்சரிக்கை. இணையக் கடைகளுக்கு 3,000க்கு 3,000 பிக்சல் போதும். 12 அங்குல உறையைத் தெளிவாக அச்சிட 3,600க்கு மேல் வேண்டும். ஓவியரிடம் முதலிலேயே பெரிய அளவைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதே படம் கைபேசியில் நகத்தின் அளவில் தெரியும்போதும் அடையாளம் காணக்கூடியதாக இருக்கிறதா என்று சுருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இசையை ஆறு வண்ணத் தட்டுகளில் வெளியிட்டு, ஒரே ரசிகரை ஆறு முறை வாங்கவைக்கும் உத்தி இப்போது பரவலாக உள்ளது. அது விற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே விற்பது நிறம், இந்த வழிகாட்டியின் பொருள் இசை.

எட்டாம் படி: உரிமைகள்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடலின் உரிமையும் அதன் ஒலிப்பதிவின் உரிமையும் வெவ்வேறு. பிறர் படைப்பைப் பாடிப் பதிந்தால் அதன் உரிமையாளர்களிடமோ அவர்கள் சார்பில் செயல்படும் அமைப்பிடமோ உரிமம் பெற வேண்டும். பிறர் பதிவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தால் இரண்டு உரிமைகளுக்கும் அனுமதி வேண்டும். உடன் வாசித்தவர்களுக்குப் பங்கு உண்டா, ஒரே முறை ஊதியமா என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும், அதை உலக அளவில் அடையாளம் காட்டும் 12 எழுத்து, எண்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டைப் பெற்று, எல்லா வடிவத்திலும் அதே பதிவுக்கு அதே குறியீட்டைப் பயன்படுத்துங்கள்.

ஒன்பதாம் படி: விலையும் எண்ணிக்கையும்

ஒரே விலை வைப்பதைவிட, வெவ்வேறு அளவு ஈடுபாடுள்ளவர்களுக்கு வெவ்வேறு படிகள் வைப்பது பயன் தரும். 2008 மார்ச்சில் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு தனது 36 உருப்படிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டபோது, முதல் 9 உருப்படிகள் இலவசம், முழுத் தொகுப்பும் கோப்பாக 5 டாலர், இரட்டை சி.டி. 10 டாலர், சிறப்புப் பதிப்பு 75 டாலர், கையொப்பமிட்ட 2,500 பிரதிகள் மட்டும் 300 டாலர். மிக விலையுயர்ந்த அந்தப் பதிப்புதான் சில நாள்களிலேயே தீர்ந்துபோனது. ஏற்கெனவே பெயர்பெற்ற குழு என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே எதிர்பார்க்க முடியாது. படிகளின் அமைப்பு மட்டும் எல்லோருக்கும் பொருந்தும்: கேட்டுப் பார்க்க ஒன்று, கோப்பாக வைத்துக்கொள்ள ஒன்று, பொருளாக வைத்துக்கொள்ள ஒன்று. சிறிய கலைஞருக்கு இந்த மூன்று போதும்.

கோப்புக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றை வைத்து, விரும்பினால் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று விட்டுவிடுங்கள். குறைந்தபட்சத்தைச் சுழியமாக வைக்க நான் பரிந்துரைக்கமாட்டேன். இலவசமாகக் கேட்க ஸ்ட்ரீமிங் இருக்கிறது. விலை கணக்கிடும்போது தளத்தின் கழிவையும் சேருங்கள்: பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும் பொருள் விற்பனையில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறது, பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. இசைத்தட்டில் அஞ்சல் செலவும் அட்டைப்பெட்டியும் லாபத்தைத் தின்றுவிடுவது சகஜம்.

எத்தனை பிரதிகள் அச்சிடுவது என்பதை ஊகத்துக்கு விடாமல் முன்பதிவின் மூலம் அறியலாம். மரில்லியன் என்ற ராக் குழு, 2001இல் வெளியான தனது தொகுப்பை, பதிவு செய்யும் முன்பே வாங்கிக்கொள்ளும்படி ரசிகர்களிடம் கேட்டது. 12,000க்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டினார்கள். கூட்டு நிதி திரட்டும் தளங்கள் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, மின்னஞ்சல் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு செய்தது இது. வரையறுத்த பதிப்பு என்று அறிவித்தால் அந்த எண்ணிக்கையை மீறாதீர்கள். பிறகு தேவை மிகுந்தால் வேறு உறையில், மறுபதிப்பு என்று குறிப்பிட்டு அச்சிடலாம்.

பத்தாம் படி: வெளியிடும் வரிசை

எல்லா இடத்திலும் ஒரே நாளில் வெளியிடுவது பழக்கமாகிவிட்டது. விற்பனையை மனத்தில் வைத்தால், ஒன்றிரண்டு பாடல்களை மட்டும் முதலில் ஸ்ட்ரீமிங்கில் விட்டு, முழுத் தொகுப்பையும் விற்பனைக்குத் திறந்து, சில வாரங்கள் கழித்து மீதியையும் ஸ்ட்ரீமிங்குக்கு அனுப்புவது மேல். சிலர் முழுத் தொகுப்பை ஸ்ட்ரீமிங்குக்கு அனுப்புவதே இல்லை. ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் கடைகளுக்கே அனுப்பாமல் இணையத்தில் மட்டும் விற்ற தொகுப்பு 2005இல் கிராமி விருது பெற்றது. ஸ்ட்ரீமிங்கை முற்றிலும் தவிர்ப்பது, புதியவர்கள் உங்களைக் கண்டடையும் வழியை அடைப்பதும் ஆகும் என்பதால், ஏற்கெனவே உறுதியான ரசிகர் கூட்டம் இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரியை, அவர்களின் ஒப்புதலோடு, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்களை நாளை எந்தத் தளமும் உங்களிடமிருந்து மறைத்துவிடலாம். ஆண்டுக்கு மூன்று நான்கு கடிதங்களுக்கு மேல் அனுப்பாமல், ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஓர் ஒலியோ குறிப்போ இருக்கும்படி பார்த்துக்கொண்டால், அடுத்த தொகுப்பின் முன்பதிவு அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கும்.

பதினோராம் படி: விற்ற பிறகு

தட்டு கீறலோடு போய்ச் சேர்ந்தால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள். கோப்பைத் தொலைத்தவர் மீண்டும் பதிவிறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். கையேட்டில் ஒருவர் பெயர் விடுபட்டிருந்தால் திருத்திய பி.டி.எஃப்.ஐ அனைவருக்கும் அனுப்புங்கள்.

மூலப் பதிவுகளைப் பாதுகாப்பது உங்கள் வேலைதான். 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் ஏற்பட்ட தீயில் பெரிய நிறுவனம் ஒன்றின் மூல நாடாக்கள் பல அழிந்தன. அந்த இழப்பு பொதுவெளியில் பெரிதாகப் பேசப்பட்டது 2019இல்தான். தனிப்பட்ட கலைஞருக்கு அவ்வளவு பெரிய கிடங்கு தேவையில்லை: பல தடங்கள் கொண்ட மூலப் பதிவு, மிக்ஸ் முடிந்த ஸ்டீரியோ கோப்பு, ஒவ்வொரு வடிவத்துக்குமான மாஸ்டர், அட்டைப்படத்தின் பெரிய கோப்பு, கையேட்டின் மூலக் கோப்பு, ஒப்பந்தங்களின் நகல் ஆகியவற்றை ஒரே அடைவில் வைத்து, அதை மூன்று பிரதிகளாக எடுத்து, ஒன்றை வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். பல தடங்களை அந்தந்த மென்பொருளின் கோப்பாக மட்டும் வைக்காமல், ஒவ்வொரு தடத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வேவ் கோப்பாகவும் எடுத்துவைக்க வேண்டும்; பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த மென்பொருள் திறக்காமல் போனாலும் மறுபதிப்புக்கு அவை உதவும்.